அவையில் இல்லாதவரின் வழக்கு

முதியோர் கல்வியில் அயல்நாட்டு விவகாரங்கள்
(கோவில்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதியோர் கல்வியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் கல்லாமையின் கேட்டை விரித்துரைத்து, கையெழுத்தின் பெருமையைப் போற்றி, நடைபெறும் திட்டங்களை வாழ்த்தி அமர்வது சம்பிரதாயம். அச்சம்பிரதாயத்தினின்று இன்று சற்றே விலக உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். நம் தேசத்திற்கும் பிற தேசங்களுக்கும் இடையே ஏற்படும் உடன்படிக்கைகள், வர்த்தக ஏற்பாடுகள், எல்லை வழக்குகள் ஆகியவற்றுள், அறிஞர்களும் கட்சிகளும் இன்றளவும் ஒன்றுபடாமல் வாதிட்டு வருகின்ற விஷயங்களை, நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் எழுத்துக் கூட்டத் தொடங்கிய ஒரு தீப்பெட்டித் தொழிலாளிக்கும் ஒரு மானாவாரிச் சம்சாரிக்கும் கற்பிக்கலாமா, கற்பிப்பதாயின் எம்முறையில் கற்பிப்பது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். கற்பிக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. அக்கட்சியை நிலைநாட்டுவதைக் காட்டிலும், கற்பிக்கும் முறையில் உள்ள ஒரு கடமையை வற்புறுத்துவதே என் முக்கிய நோக்கம்.

கரிசலும் கடல் கடந்த காரியங்களும்

கரிசலை வானம் பார்த்த பூமி என்கிறோம். புரட்டாசியில் மழை இறங்கினால் விதைப்பு, இல்லையேல் கடன். ஆயினும் மேகம் எவ்வளவு இப்பூமியின் சம்சாரியை ஆண்டதோ, ஏறக்குறைய அவ்வளவு அந்நிய தேசத்துச் சம்பவங்களும் அவனை ஆண்டிருக்கின்றன. 1861-ஆம் ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, தென் மாகாணங்களின் துறைமுகங்களை லிங்கனுடைய கடற்படை அடைத்துவிட, லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்கு ஏங்கியபோது, திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு அதுவரை கண்டறியாத விலை வந்தது. பருத்திப் பரப்பும் பெருகிற்று. 1865-இல் போர் முடிந்ததும் வந்த விலை வந்த வழியே போயிற்று. விலை ஏன் ஏறியது என்றும் ஏன் இறங்கியது என்றும் அன்றைய சம்சாரிக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. 1901-இல் இவ்வூரில் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டபின், எந்த விதை எந்த மண்ணுக்கு என்று சொல்ல ஒரு ஸ்தாபனம் கிடைத்தது. எந்தத் தேசத்தின் முடிவு எந்த விலைக்குக் காரணம் என்று சொல்லும் ஸ்தாபனம் மட்டும் இன்றுவரை வாய்க்கவில்லை.

இவ்வட்டாரத்துக்குச் சோறு போடும் தீப்பெட்டித் தொழிலின் பிறப்பும் அயல்நாட்டு வர்த்தகக் கொள்கையோடு பிணைந்ததே. அதற்கு முன் நம் அடுப்பங்கரைகளில் எரிந்தவை பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்த குச்சிகள். 1922-இல் அந்நியத் தீப்பெட்டிக்குக் கிராஸ் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் என இறக்குமதி வரி உயர்ந்தது. அவ்வாண்டிலேதான் சிவகாசி ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழிலைக் கற்று, மறு ஆண்டு திரும்பி வந்தார்கள். ஆனால் வரிச்சுவருக்குள் நுழைய வழி கண்டவர்கள் அவர்கள் மட்டுமல்லர். ஸ்வீடன் கம்பெனியாரும் 1923-இல் விம்கோ என்ற பெயரில் இந்தியாவிலேயே ஆலை வைத்தார்கள். சுதேசித் தொழிலுக்குத் தொட்டிலான அதே வரி, அந்நிய முதலுக்கும் வாசலாயிற்று. காப்பு வரி நன்மையா தீமையா என்ற வாதத்தில் இரு கட்சியாரும் தத்தமக்குச் சாதகமாக எடுத்துக் காட்டத்தக்க உதாரணம் நம் வீட்டு முற்றத்திலேயே கிடக்கிறது.

பொருள்கள் போன்றே மனிதர்களும் உடன்படிக்கைகளால் இடம் பெயர்க்கப்பட்டார்கள். தென்பாண்டிச் சீமையிலிருந்து இலங்கையின் தோட்டங்களுக்குச் சென்று தலைமுறைகளாக உழைத்த மக்களைப் பற்றி 1964 அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியப் பிரதமர் சாஸ்திரியாரும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் செய்த ஒப்பந்தத்தில், 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் 1974-இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டவர்களின் அபிப்பிராயத்தை எவரும் கேட்கவில்லை. இன்றைக்கும் எட்டயபுரத்தை அடுத்த தாப்பாத்தியில், போர்க்காலத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. அயல்நாட்டுக் கொள்கை என்பது டில்லியில் உள்ள ஓர் அலுவலகத்தின் காரியம் என்று அம்முகாமைக் கடந்து சந்தைக்குப் போகும் எவரும் எண்ண இயலாது.

இவ்விஷயங்களில் இம்மண்ணின் மக்கள் சிரத்தையற்று இருந்ததும் இல்லை. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் 1906-இல் தோன்றிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில் ருஷியப் புரட்சியைப் பற்றித் தமிழ் மக்களுக்கு எழுதினார், ஒட்டப்பிடாரத்து வ.உ. சிதம்பரம் பிள்ளை அவ்வாண்டிலேயே சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1942-இல் ஆதித்தனார் ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய பிறகு, டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத நால்வர் கேட்டு வாதிடும் வழக்கம் ஊர்தோறும் பரவியது. இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் இரவு வேளையில் லண்டன் தமிழோசைக்காக வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூடிய கூட்டத்தில் படித்தவர், படியாதவர் என்ற பேதம் இருந்ததில்லை. ஆசையும் வழக்கமும் மக்களிடம் உள்ளன; அவற்றை முறைப்படுத்தும் பொறுப்பைக் கல்வி ஏற்கவில்லை என்பதே குறை.

இரண்டு ஆட்சேபங்கள்

பஸ் பலகையைப் படிக்கத் தெரியாதவருக்கு மியான்மர் விவகாரம் எதற்கு என்பது முதல் ஆட்சேபம். இதைச் சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆயினும் 1951-ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே எழுத்தறிந்திருந்த தேசத்தில், வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை அளித்து, எழுத்தறியாதாருக்காகச் சின்னங்களை அமைத்து முதற் பொதுத்தேர்தலை நடத்திய நாம், வாக்களிக்கத் தகுதியுடையவர் வாதத்தைக் கேட்கத் தகுதியற்றவர் என்று சொல்வது முரண்பாடு. கச்சத்தீவும் இலங்கையும் பாகிஸ்தானும் சீனாவும் தேர்தல் மேடைகளில் பேசப்படாத ஆண்டு உண்டா? முடிவுகளை மேடை அவர்களுக்கு ஊட்டிவிடுகிறது. அம்முடிவுக்கு ஆதாரம் என்ன, எதிர்க்கட்சி என்ன என்பதை அமைதியாகக் கேட்கும் இடம் மட்டும் அவர்களுக்கு இல்லை. பள்ளிப் பிள்ளைக்கு அதற்கு ஒரு பாடவேளை உண்டு. பள்ளியைத் தவறவிட்டவருக்கு மாலை வகுப்பைத் தவிர வேறு புகலிடம் கிடையாது.

அயல்நாட்டு விவகாரம் ரகசியமும் ஒற்றுமையும் வேண்டுவது, அதில் பலர் பேசினால் தேசத்தின் பேரம் கெடும் என்பது இரண்டாம் ஆட்சேபம். பேச்சுவார்த்தை நடக்கும் அறைக்கு ரகசியம் தேவை என்பதை மறுப்பாரில்லை. ஆனால் நம் அரசியல் சாசன ஏற்பாட்டில் உடன்படிக்கை செய்யும் அதிகாரம் பெரும்பாலும் மத்திய நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. நாடாளுமன்றத்தின் முன் சம்மதம் பெற்றே கையெழுத்திட வேண்டும் என்ற பொது நியமம் இல்லை. நாடாளுமன்றத்தின் காவல் தளர்ந்திருக்கும் இடத்தில் குடிமக்களின் விழிப்பு இரட்டிப்பாக வேண்டும் அல்லவா?

இவ்விரண்டையும்விடக் கனமான ஒரு சங்கடம் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. எழுத்தறிவு இயக்கத்தை நம் நாட்டில் நடத்துவது பெரும்பாலும் அரசாங்கம். மாவட்டக் குழுவுக்குக் கலெக்டர் தலைவர். ஆசிரியர்கள் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். அரசாங்கத்தின் கொள்கையை அரசாங்கத்தின் செலவில் விமரிசிக்கும் வகுப்பு எத்தனை நாள் நடக்கும்? இதற்கு அனுபவம் தரும் விடையைக் கேட்போம்.

அனுபவம் சொல்வது

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988 மே 5-ஆம் நாள் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதனை அடுத்துப் புதுக்கோட்டையில் கல்லுடைக்கும் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்ற அதிசயம் நிகழ்ந்தது. அந்த வேகத்தில் நம் பகுதிக்கும் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் வந்தது. தெருவிளக்கின் கீழும் மடத்துத் திண்ணையிலும் நடந்த அவ்வகுப்புகளின் அனுபவத்தை ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ என்ற நூலில் பதிவு செய்திருக்கிறார். அதே ஆண்டுகளில்தான் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டதும், 1991 டிசம்பரில் உலக வர்த்தக உடன்படிக்கைக்கான டங்கல் நகல் வெளியாகி விதையுரிமையைப் பற்றிய கிலி கிராமங்கள்வரை எட்டியதும் நிகழ்ந்தன. பாடநூல்களோ உடல்நலம், குடிநீர், கூலி, ஒற்றுமை என்பவற்றையே மையமாகக் கொண்டிருந்தன. திண்ணைக்கு வெளியே ஊர் பேசிய விஷயம் ஒன்று, திண்ணையில் படித்த விஷயம் மற்றொன்று.

பாடம் உயிருள்ள விஷயத்தைத் தொட்டால் என்ன நேரும் என்பதற்கு நெல்லூர் சாட்சி. அங்கே எழுத்தறிவுப் பாடநூலில் குடியால் சீரழிந்த குடும்பத்தின் கதை ஒன்று இடம்பெற்றது. அதைப் படித்து விவாதித்த தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூடச் செய்தார்கள். கிளர்ச்சி மாவட்டமெங்கும் பரவி, 1993 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. பிரேசிலில் பாவுலோ பிரெய்ரே 1963-இல் ஆங்கிகோஸ் என்னும் ஊரில், தொழிலாளர்களின் வாழ்வில் புழங்கும் சொற்களைக் கொண்டே விவாதத்தையும் எழுத்தையும் ஒருங்கே கற்பித்தார். அடுத்த ஆண்டு ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி அவரைச் சிறையில் அடைத்தது. உயிருள்ள பாடம் மக்களையும் அசைக்கும், ஆள்வோரையும் அசைக்கும் என்பது இவற்றால் விளங்குகிறது.

ஆயினும் இதற்கு ஒரு மத்திம மார்க்கத்தைக் கண்டவர்களும் உண்டு. ஸ்வீடன் தேசத்தில் 1970-களில் அணுமின்சக்தியைப் பற்றிப் பெரும் வாதம் மூண்டபோது, அரசாங்கமே பொருளுதவி செய்து, தொழிற்சங்கங்களையும் கட்சிகளையும் சார்ந்த படிப்பு வட்டங்களில் அவ்விஷயத்தை ஆராயச் செய்தது. கூடங்குளத்து உலைகளுக்காக 1988 நவம்பரில் சோவியத் நாட்டோடு ஒப்பந்தம் கையெழுத்தான காலத்தில் நம் கடற்கரை ஊர்களில் அத்தகைய வட்டங்கள் நடந்திருக்குமாயின், 2011-இல் இடிந்தகரையில் எழுந்த கிளர்ச்சியின்போது இரு தரப்பாரும் ஒருவரையொருவர் சற்றே அறிந்தவர்களாக எதிர்ப்பட்டிருப்பார்கள். அமெரிக்காவில் 1954 முதல் ஆண்டுதோறும் சில அயல்நாட்டு விஷயங்களைத் தேர்ந்து, குறிப்பு நூல் அச்சிட்டு, வீடுகளிலும் நூலகங்களிலும் கூடி விவாதிக்கும் ஏற்பாடு நடந்துவருகிறது. அது படித்தோருக்காகப் படித்தோர் நடத்துவது என்ற குறையை உடையதேனும், ஏற்பாட்டின் ஒழுங்கு பாராட்டத்தக்கது. ஜெர்மனியில் 1976-இல் பாய்ட்டல்ஸ்பாக் என்னும் ஊரில் கூடிய அரசியற் கல்வியாளர்கள் மூன்று நியமங்களைக் கண்டார்கள்: மாணவனை ஆசிரியர் தம் கருத்துக்குள் அமிழ்த்தக் கூடாது, அறிஞருலகிலும் அரசியலிலும் வாதத்துக்குரியதாக இருப்பது வகுப்பிலும் வாதத்துக்குரியதாகவே தோன்ற வேண்டும், தன் நலம் எங்கே இருக்கிறதென்று மாணவன் தானே ஆராயும் ஆற்றல் பெறவேண்டும்.

இம்மூன்றனுள் நடுவிலுள்ள நியமமே அரசாங்க வகுப்புக்கும் கேடயமாவது. அரசாங்கக் கொள்கையை எதிர்ப்பது பிரசாரம். அதைத் துதிப்பதும் பிரசாரமே. வாதத்தை வாதமாகவே வைப்பது கல்வி. அதை எந்த நடத்தை விதியும் தடுப்பதற்கில்லை.

ஒரு லைட்டரும் ஒரு படி உளுந்தும்

பொதுவில் சொன்னதைப் பிரத்தியட்சமாகக் காட்டுகிறேன். இவ்வூரை அடுத்த ஒரு கிராமத்தில், தீப்பெட்டியாபீஸ் விட்டு வந்த பெண்கள் பன்னிரண்டு பதின்மூவர் கூடும் மாலை வகுப்பொன்றில் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். வகுப்பெடுத்த பெண் அவ்வூர்க் கல்லூரி மாணவி. அவள் ஒரு தீப்பெட்டியையும், பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு விற்ற ஒரு சீனப் பிளாஸ்டிக் லைட்டரையும் பாயின் நடுவில் வைத்தாள்.

“இதைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது தாயி” என்றார் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மையார். எல்லோரும் சிரித்தார்கள். மாணவி முதலில் தீப்பெட்டி லேபிளில் உள்ள எழுத்துக்களைப் படிக்கச் செய்தாள்; பிறகு கணக்குக்கு வந்தாள். பதினான்கு ஆண்டுகளாக ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடிக்கிறது. தமிழக முதலமைச்சர் 2022-இல் மத்திய நிதியமைச்சருக்கு எழுதிய கடிதத்திலும் இக்கணக்கு உண்டு. அவ்வாறாயின் தீப்பெட்டிக்கு ஆகும் செலவு என்ன? சிலேட்டில் 20-ஐ இரண்டால் பெருக்கி 40 என்று எழுதினார்கள். லைட்டருக்கு 10.

“அப்ப வாங்குறவன் பேர்ல தப்பில்லையே மதினி, முப்பது ரூவா மிச்சமாகுதுல்லா” என்று ஓரத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பு சற்று நேரம் பேசவில்லை.

2023 ஜூன் 29-ஆம் நாள் மத்திய அரசாங்கம், இறங்கும் விலை இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியைத் தடை செய்தது என்பதையும், உதிரிப் பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே கோப்பதைத் தடுக்க 2024 அக்டோபரில் அப்பாகங்களுக்கும் தடை வந்தது என்பதையும் மாணவி கூறினாள். தடை சரியே என்று எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னார்கள். அப்போது அவள் கேட்ட கேள்வியை நான் எந்தப் போதனாமுறை நூலிலும் கண்டதில்லை: “நீங்க ஒட்டுற பெட்டி ஆப்பிரிக்காவுக்கும் போகுதுல்லா பெரியம்மா? அங்க ஒரு தீப்பெட்டிக் கம்பெனி இருந்து, கோவில்பட்டிப் பெட்டி வேண்டாம்னு அந்த ஊர்ப் பொம்பளைக சொன்னா, நாம என்ன சொல்லுவோம்?”

அதன்பின் அரை மணி நேரம் நடந்த வாதத்தை முழுமையும் சொல்ல இயலாது. ‘அவுகளுக்கும் வயிறு இருக்குல்லா’ என்றவர் உண்டு. ‘நாம யாரையும் ஏமாத்தலையே, சீனாக்காரன் நட்டத்துக்கு விக்கிறான்’ என்றவர் உண்டு. ‘அது நட்டமா லாபமான்னு நமக்கு யாரு சொன்னா?’ என்று மடக்கியவரும் உண்டு. தடை வேண்டும் என்ற கட்சியைக் கடைசிவரை எவரும் கைவிடவில்லை. ஆனால் வகுப்பின் தொடக்கத்தில் கோபமாக மட்டும் இருந்த அக்கட்சி, முடிவில் காரணங்களோடு கூடியதாயிற்று. பொதுநலக் கல்விக்கு இதற்குமேல் என்ன பயன் வேண்டும்?

தீப்பெட்டிக்குச் சொன்னதை உளுந்துக்கும் சொல்லலாம். புரட்டாசி விதைப்பில் உளுந்தும் பாசியும் போட்டு, தை மாசியில் கமிஷன் கடைக்குக் கொண்டுசெல்லும் சம்சாரி, பர்மா உளுந்து இறங்கிவிட்டது என்ற ஒரு வாக்கியத்துக்குமுன் விலையிழந்து நிற்பதைக் கண்டிருக்கிறோம். 2021 ஜூனில் இந்தியா மியான்மரோடு செய்த ஏற்பாட்டின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 2,50,000 டன் உளுந்தும் 1,00,000 டன் துவரையும் அங்கிருந்து வரலாம் என்றாயிற்று. இதில் சம்சாரியின் நலம் ஒரு புறம். இட்லிக்கடை வைத்துப் பிழைப்பவர், மாதச் சம்பளத்தில் பருப்பு வாங்குபவர் ஆகியோரின் நலம் மற்றொரு புறம். இவ்விரண்டோடு வழக்கு முடியவில்லை. 2021 பிப்ரவரி 1-ஆம் நாள் மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதன் பிறகே இவ்வேற்பாடு செய்யப்பட்டது. அத்தகைய ஆட்சியோடு வியாபாரம் தகுமா என்பார் ஒரு சாரார். எல்லைப்புற நாட்டைக் கைவிட்டால் சீனாவின் செல்வாக்கு ஓங்கும் என்பார் மறு சாரார். அந்த உளுந்தை விளைவிப்பவனும் நம்மைப் போன்ற ஏழை விவசாயிதானே என்பார் மூன்றாமவர். ஒரு படி உளுந்தில் அயல்நாட்டுக் கொள்கையின் முக்கியப் பிரச்சினைகள் யாவும் அடங்கியிருக்கின்றன. அதனைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினால் புரியாதவர் எவரும் இரார்.

கச்சத்தீவு என்னும் கடின பரீட்சை

வகுப்பிலேயே இரு கட்சிகள் இருக்கும்போது ஆசிரியரின் வேலை எளிது. ஊர் முழுவதும் ஒரே கட்சியாக நிற்கும் விஷயத்திலேதான் அவருக்குப் பரீட்சை. தமிழ்நாட்டில் அத்தகைய விஷயம் கச்சத்தீவு.

285 ஏக்கர் பரப்புள்ள அத்தீவை இலங்கைப் பக்கம் விட்டு எல்லைக் கோடு வரைந்த உடன்படிக்கை 1974 ஜூனிலும், அதன் தொடர்ச்சியான எல்லை உடன்படிக்கை 1976 மார்ச்சிலும் ஏற்பட்டன. முன்னதில் இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே, கடவுச்சீட்டின்றித் தீவுக்குச் சென்று வரலாம் என்ற கருத்துள்ள ஷரத்து ஒன்று உண்டு. சென்று வரலாம் என்பதில் அக்கடலில் மீன் பிடிக்கும் உரிமை அடங்குமா, அன்றி வலை உலர்த்தி இளைப்பாறி அந்தோணியார் திருவிழாவைக் கண்டு திரும்புவது மட்டுமா என்பதில் வழக்கு இருக்கிறது. தீவு இந்தியாவுக்குச் சொந்தமாக இருந்ததாயின் அதனைக் கொடுக்கச் சாசனத் திருத்தம் வேண்டும் என்பது ஒரு வாதம். அது உரிமை தீராத தீவு, எல்லை வரைந்தோமே தவிரக் கொடுக்கவில்லை என்பது மத்திய அரசாங்கத்தின் வாதம். ஜெயலலிதா அம்மையார் 2008-இல் உச்ச நீதிமன்றம் சென்றதும், 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீவை மீட்கக் கோரித் தீர்மானித்ததும் இவ்வழக்கின் பிற்பகுதிகள். எழுத்தறிவு வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது? ஷரத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, அதில் உள்ளது எது, நாம் ஏற்றிச் சொல்வது எது என்று பிரித்தறிவது கல்வியின் உச்சப் பயிற்சி அல்லவா?

இனி, மேடையில் நாம் கேட்டறியாத கட்சி ஒன்று இருக்கிறது. அது யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் உள்ள மீனவரின் கட்சி. போர்க்காலம் முழுவதும் தம் கடலில் இறங்க இயலாது முடங்கிக் கிடந்து, 2009-க்குப் பின் மீண்டும் வலை எடுத்தபோது, தமிழ்நாட்டு விசைப்படகுகளின் இழுவைமடி தம் வலைகளையும் கடலடி வளத்தையும் அழிக்கிறது என்று அவர்கள் முறையிடுகிறார்கள். 2017-இல் இலங்கை அந்த மடியைச் சட்டத்தால் தடுத்தது. முறையிடுகிறவர்கள் சிங்களவர் அல்லர். தமிழ் பேசும் மக்கள். நம் கரையிலேயே நாட்டுப்படகு மீனவர்கள் விசைப்படகுகளை எதிர்த்துப் போராடியதன் பயனாக 1983-இல் தமிழ்நாடு கடல்சார் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்ததையும் நாம் மறக்கலாகாது. நம் மீனவர் சிறைப்படுவதும் சுடப்படுவதும் பொறுக்க இயலாத அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த அநீதியைக் கண்டிக்கும் அதே வகுப்பில் மன்னார் மீனவரின் முறையீட்டையும் எடுத்துச் சொல்லும் ஆசிரியரையே நான் ஆசிரியர் என்பேன்.

இதுவே நான் முதலிற் குறித்த கடமை. அயல்நாட்டு விவகாரத்தின் இயல்பு என்னவெனில், வழக்கின் ஒரு தரப்பார் எப்போதும் அவைக்கு வெளியே, எல்லைக்கு அப்பால் இருக்கிறார்கள். உள்ளூர் வழக்கில் எதிராளி எழுந்து தன் நியாயத்தைச் சொல்வான். இங்கே அவனுக்கு நாவில்லை. ஆகையால் அவையில் இல்லாதவரின் வழக்கை, அவரே வந்திருந்தால் எத்துணை வலிமையாகச் சொல்வாரோ அத்துணை வலிமையாக எடுத்துரைக்கும் பொறுப்பு ஆசிரியரைச் சார்கிறது.

நம் மரபில் உள்ள முறை

இது தமிழ் மரபுக்குப் புதியதன்று. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்ட பின்னரே தன் வழியில் மேற்சென்றாள். அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் முதலில் பரபக்கத்தை வைத்து, பிறர் மதங்களை முறையே கூறி மறுத்த பிறகே சுபக்கத்தைத் தொடங்கினார். பிறன் கூற்றைத் திரித்துச் சொல்லி வெல்வதைப் பண்டையோர் வெற்றியாக மதிக்கவில்லை. இன்று நம் ஊர்த் திருவிழாக்களில் தழைத்திருக்கும் பட்டிமன்றமும் இம்மரபின் வழிவந்ததே. எனினும் அதில் கைதட்டலுக்கு முதலிடமும், இறுதியில் நடுவரின் தீர்ப்பும் இருப்பதால், எழுத்தறிவு வகுப்பு அதனை அப்படியே பின்பற்றலாகாது. வகுப்பில் நடுவர் வேண்டாம். தேதி, தொகை, ஷரத்து என்னும் ஐயமற்ற செய்திகளை முதலில் வைக்க வேண்டும். பின் இரு கட்சிகளையும் கற்போரே பேச வேண்டும். பேசியவர்கள் அடுத்த நாள் இடம் மாறி எதிர்க்கட்சியைப் பேச வேண்டும். ஆசிரியரின் சொந்த அபிப்பிராயத்தை எவரேனும் கேட்டால், எல்லோரும் பேசி முடித்தபின், தம் ஒருவருடைய அபிப்பிராயம் என்று சொல்லி அவர் கூறலாம். முடிவு கற்போருடையது, முடிவின்றிக் கலைவதும் குற்றமன்று.

வேண்டுகோள்

2022 முதல் 2027 வரை நடைபெறும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் எழுத்தோடும் எண்ணோடும் பணப்பழக்கம், சட்ட அறிவு, கணினிப் பழக்கம், உடல்நலம் முதலியனவும் வாழ்க்கைத் திறன்களாகச் சேர்க்கப்பட்டுள்ளன, நன்று. அயல்நாட்டு விவகாரத்துக்கு அதில் தனி இடம் இல்லை. அரசாங்கம் அதனைச் சேர்க்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிராமங்களில் பூட்டிக் கிடக்கும் ஊராட்சி நூலகக் கட்டடங்கள் இருக்கின்றன, கரிசல் இலக்கியம் என்று ஒரு தனிக் கிளையையே தமிழுக்குத் தந்த எழுத்தாளர்களின் வழித்தோன்றல்கள் இவ்வூரில் இருக்கிறார்கள், கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள், அச்சுக்கூடங்கள் இருக்கின்றன.

ஆகவே இந்த அறக்கட்டளையாரை நான் வேண்டிக்கொள்வது ஒன்று. ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவுக்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியை ஒதுக்கி, இவ்வட்டாரத்தைத் தொடும் அயல்நாட்டு விஷயங்கள் நான்கைந்தைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் பெரிய எழுத்தில் பதினாறு பக்கத்தில் ஒரு சிறு நூல் வெளியிடுங்கள். முதல் நான்கு பக்கத்தில் செய்தி, நடு எட்டுப் பக்கத்தில் இரு கட்சி, கடைசி நான்கு பக்கம் படிப்பவர் எழுதுவதற்காக வெற்றிடம். ஆசிரியரின் தீர்ப்பு ஒரு வரியும் வேண்டாம். முதல் நூல் தீப்பெட்டியையும் லைட்டரையும் பற்றியதாக இருக்கட்டும், இவ்வூரிலேயே அச்சாகட்டும், தீப்பெட்டியாபீஸ்தோறும் இலவசமாகப் போகட்டும். எழுதித் தருவதற்கு நான் இருக்கிறேன். எதிர்க்கட்சியை எழுத என்னோடு மாறுபடும் ஒருவரை இந்தச் சபையே தேர்ந்து தரவேண்டும்.